தேநீர்த் தட்டு உள்ளே வரும் நேரம்

அன்புள்ள குட்டி,

நீ எடுத்த சீரியல் கிண்டல் வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை சும்மா பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை மாமாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூன்றாம் தடவை கையில் பென்சில் இருந்தது. இந்தக் கடிதம் அந்த மூன்றாம் தடவையின் விளைவு. வாட்ஸ்அப்பில் நாலு சிரித்த முகம் போட்டு முடித்திருக்கலாம். நீதான் ‘உண்மையைச் சொல்லுங்க அத்தை’ என்று கேட்டுவிட்டாயே.

மாமியாராக வரும் உன் தோழிக்கு நல்ல கண். வளையலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே ஒரு முழி முழிக்கிறாளே, அதற்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அடுத்த காட்சியில் அவளே கேமராவைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். ‘பாருங்கள், நான் எவ்வளவு மோசமாக நடிக்கிறேன்’ என்று நமக்குச் சொல்லிவிடுகிறாள். அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்தபோதுதான் மான்செஸ்டரும், ஒரு பழம்பொருள் கடையும், தட்டேந்தி நின்ற ஒரு கிழவியும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மாமா நெசவுத் தொழில்நுட்பம் படிக்க 1984இல் மான்செஸ்டர் போனார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத நான் பின்னாலேயே போனேன். தூத்துக்குடி வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த ஊர்க் குளிர் என்ன செய்யும் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள். செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் தெரு. முன்னறையில் காசு போட்டால் எரியும் கேஸ் அடுப்பு. மாத வாடகைக்கு எடுத்த டிவி ஒன்று. குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மாமா திரும்ப ஏழாகும். நடுவில் எனக்கிருந்த ஒரே துணை அடுத்த வீட்டுப் பாட்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் தரை துடைத்துப் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்றவர். வீட்டில் எப்போதும் பூப்போட்ட நைலான் மேலங்கி ஒன்றைப் போட்டிருப்பார். உடுப்பில் அழுக்குப் படாமல் இருக்க மேலே மாட்டிக்கொள்வது. அதற்கு அங்கே ‘ஓவரால்’ என்று பெயர். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்.

பாட்டி விடாமல் பார்த்த சீரியல் ‘கிராஸ்ரோட்ஸ்’. பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டல், அதை நடத்தும் குடும்பம், அங்கே வேலை செய்கிறவர்கள், வந்து போகிறவர்கள், அவ்வளவுதான் கதை. 1964 நவம்பரில் ஆரம்பித்து 1988 ஏப்ரல் வரை ஓடியது. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு கோடிக்கும் மேல் ஆட்கள் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கரித்துக் கொட்டினார்கள். தரம் போதவில்லை என்று ஒளிபரப்பு ஆணையமே தலையிட்டு, ஐந்தை நான்காக்கி, 1980இல் மூன்றாகக் குறைத்தது. மக்கள் கவலைப்படவில்லை. 1975இல் அதன் நாயகி மெக்குக்கு பர்மிங்காம் தேவாலயத்தில் வைத்துக் கல்யாணக் காட்சி எடுத்தபோது, நிஜக் கல்யாணத்துக்குக் கூடுவதுபோல் தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

‘ஆடுகிற சுவர்’ என்று அந்த சீரியலைப் பற்றி இன்றும் அங்கே ஜோக் சொல்வார்கள். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் மோட்டலே ஆடுமாம். பென்னி என்கிற கம்பளித் தொப்பிக்காரன் ஸ்பேனர் எடுத்துவரப் போனவன் மாதக்கணக்கில் திரும்பவே இல்லை என்பது இன்னொன்று. எத்தனை சதவீதம் நிஜம், எத்தனை கைச்சரக்கு என்பது இருக்கட்டும், இதெல்லாம் ஏன் நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இன்று உன் போனிலேயே வெட்டி ஒட்டிவிடுகிறாய். அறுபதுகளில் வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். அதை வெட்டி ஒட்டுவதற்குப் பணமும் நேரமும் நிறைய ஆகும். வாரத்துக்கு ஐந்து பகுதி தர வேண்டிய இடத்தில் இரண்டுமே கிடையாது. ஆகவே நாடகம் மாதிரி ஒரே ஓட்டமாக நடிப்பார்கள், மூன்று நாலு கேமராக்கள் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு போகும். ஒருவர் வசனத்தை மறந்து நின்றாலும், மைக்கின் நிழல் நெற்றியில் விழுந்தாலும், உலகமே இடிந்தால் ஒழிய நிறுத்த மாட்டார்கள். அந்த நடிகர்கள் பாவம், நீச்சல் தெரியாதவர்கள் இல்லை. கை கால் கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1985 ஜனவரியில் பிபிசி 2இல் ‘விக்டோரியா வுட்: ஆஸ் ஸீன் ஆன் டிவி’ என்று ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வந்தது. தனிப்பேச்சு, பியானோ வாசித்துப் பாட்டு, குட்டிக் குட்டி நாடகங்கள் எல்லாம் கலந்த அரைமணி நேரம். அதற்கு நடுவில் வாராவாரம் சில நிமிஷங்களுக்கு ‘ஏகார்ன் ஆன்டீக்ஸ்’ என்று ஒரு சீரியல் வரும். முதல் வாரம் அது கிண்டல் என்றே எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே ஏதோ ஒரு மட்டமான சீரியலை நடுவில் போடுகிறார்கள் என்று நினைத்து, ‘இந்த ஊரிலும் இப்படித்தானா’ என்று ஆறுதல்கூடப் பட்டேன். பெயர் ஓடும்போது கேட்கும் ஒரு சோம்பல் இசையிலிருந்து எழுத்துகளின் வடிவம் வரை எல்லாமே நிஜ சீரியல் போலவே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டிய இடம் இது என்று கற்றுக்கொண்டேன்.

கதை நடக்கிற ஊர் மான்செஸ்டர்ஃபோர்டு. அப்படி ஓர் ஊர் கிடையாது. ‘ஃபோர்டு’ என்பது நம் ‘பாளையம்’, ‘பட்டி’ மாதிரி அங்கே ஊர்ப்பெயருக்கு வரும் வால். மதுரைக்குப் பின்னால் பாளையத்தை ஒட்டி ‘மதுரைப்பாளையம்’ என்று ஒரு சோம்பேறிக் கதாசிரியர் ஊர் படைத்தால் எப்படி இருக்கும்? பெயரிலேயே கிண்டல் தொடங்கிவிடுகிறது பார். அந்த ஊரில் ஒரு பழம்பொருள் கடை. கடையைக் கவனிக்கும் மிஸ் பேப்ஸ், அது சீலியா இம்ரி. மிஸ் பெர்ட்டா, அது விக்டோரியா வுட்டே. மிஸ்டர் கிளிஃபோர்டு, நெட்டையாக டங்கன் பிரெஸ்டன். டீயும் பலகாரமும் கொண்டுவருகிற வேலைக்காரம்மா மிஸஸ் ஓவரால், ஜூலி வால்டர்ஸ். ஆமாம், அதே மேலங்கிதான். அந்தம்மாளின் பெயரே அவர் போட்டிருக்கிற உடுப்பு.

இந்தச் சின்னக் கடையில் நடக்காதது கிடையாது. ஞாபகமறதி, முக்கோணக் காதல், காணாமல் போன உடன்பிறப்பு, திடீர்ச் சாவு. பழம்பொருள் ஒன்றாவது விற்றதாக எனக்கு நினைவில்லை.

சரி, உன் வேலைக்கு உதவுகிற இடத்துக்கு வருகிறேன். ஒரு காட்சி ஏறக்குறைய எப்படிப் போகும் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி. மிஸ் பேப்ஸ் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். குடும்பத்தையே புரட்டிப் போடும் செய்தி. அவருக்குப் பின்னால் ஒரு கதவு. கதவு இடுக்கில் பூப்போட்ட துணி ஒரு விரற்கடை தெரிகிறது. மிஸஸ் ஓவரால் தன் முறைக்காகத் தட்டோடு காத்திருக்கிறார். நமக்குத் தெரிகிறது, மிஸ் பேப்ஸுக்குத் தெரியாது. தனக்கு முந்தைய வசனம் வர வேண்டும், அது வர நேரமாகிறது, அந்தத் துணி அசைகிறது. கொஞ்சம் முன்னால் வருகிறது. ‘இன்னும் இல்லை’ என்று உணர்ந்து பின்னால் போகிறது. பிறகு ஒருவழியாக முழங்கால் மடிந்த நடையில் உள்ளே வருகிறார். தட்டில் கிண்ணங்கள் கடகடவென்று ஆடுகின்றன. வைக்க வேண்டிய இடத்தில் வைத்தால் மிஸ் பேப்ஸின் முகத்தை மறைத்துவிடும். வேறிடம் தேடுகிறார். இதற்கிடையில் வசனம் தொடர்கிறது, அதுவும் உயிர்போகிற வசனம். கடைசியில் மிஸ் பேப்ஸ் எங்கோ தூரத்தைப் பார்த்து அதிர்ச்சியில் உறைகிறார். அந்த இடத்தில் காட்சி முடிந்து இசை வர வேண்டும். வரவில்லை. உறைந்த முகம் உறைந்தபடியே நிற்கிறது. கண் மட்டும் லேசாக நகர்ந்து ‘முடிந்ததா?’ என்று யாரையோ கேட்கிறது.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய்? தவறில் என்றால் பாதி சரி. அந்தத் தவறை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அந்தப் பெண்மணி படும் பாட்டில்தான் மீதி இருக்கிறது. மிஸஸ் ஓவரால் ஒரு நாளும் கேமராவைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவர் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்கிறார். உன் மாமியார் உதட்டைக் கடித்தபோது எனக்கு ஏன் சிரிப்பு நின்றது என்று இப்போது புரிகிறதா? அவள் பாடு படுவதை விட்டுவிட்டாள், கைவிட்டவளைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனி. ஒரு நேரத்தில் ஒரு தவறு. போன் காட்சியில் போன் மட்டும்: எடுத்துக் காதில் வைத்த பிறகும் மணி அடிக்கும். தட்டுக் காட்சியில் தட்டு மட்டும். கேமரா தடுமாறுகிற காட்சியில் நடிப்பு ஒழுங்காகவே இருக்கும். நீ என்ன செய்திருக்கிறாய்? ஒரே காட்சியில் இடி இடிக்கிறது, மைக் தெரிகிறது, விளக்கு அணைகிறது, மாமனாரின் மீசை கழன்று விழுகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். மீசை ஒன்றே போதும். விழக்கூட வேண்டாம், ஒரு ஓரம் மட்டும் பிரியட்டும். அவர் பேசும்போது மூச்சுக்காற்றில் ஆடட்டும். அவர் அதை உணர்ந்துவிட்டு, இயல்பாகத் தாடையைத் தடவுகிற மாதிரி அழுத்தி ஒட்டப் பார்க்கட்டும். மூன்று நிமிஷம் தாராளமாக ஓடும்.

இப்படித் தப்பாகச் செய்வது லேசான வேலை என்று நினைத்துவிடாதே. கேமராமேன் தன் தொழிலில் கெட்டிக்காரர், நடிகரைச் சரியாக நடுவில் பிடிப்பது அவர் கைக்குப் பழக்கம். அந்தக் கையிடம் போய் ‘இரண்டு நொடி தாமதமாகத் திரும்பு’ என்றால் எவ்வளவு கஷ்டம்! தாளம் தெரிந்தவன்தான் தாளம் தப்பிப் பாடிக் காட்ட முடியும். இரண்டு நொடிக்குப் பதில் நாலு நொடி ஆனால் அது சும்மா ஒரு கோளாறு. ஒரு நொடியே என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். விக்டோரியா வுட் இந்த விஷயத்தில் கறார். வார்த்தை மட்டுமல்ல, திக்கலும் தடுமாற்றமும்கூட எழுதப்பட்டவை.

அவரைப் பற்றி நாலு வரி. 1953இல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிரெஸ்ட்விச்சில் பிறந்து, பெரி என்ற ஊரில் வளர்ந்தவர். 1974இல் ‘நியூ ஃபேசஸ்’ என்ற திறமைப் போட்டியில் கவனம் பெற்றவர், அதற்குப் பின் பல வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1978இல் லண்டன் புஷ் தியேட்டரில் ஒரு நாடகத் தொகுப்பில் ஜூலி வால்டர்ஸோடு சேர்ந்து வேலை செய்தபோதுதான் வழி திறந்தது. மிஸஸ் ஓவரால் திரைக்கு வந்தபோது ஜூலி வால்டர்ஸுக்கு வயது 34. ‘எஜுகேட்டிங் ரீட்டா’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கிழவியின் மேலங்கியை மாட்டிக்கொண்டு முழங்காலை மடக்கி நடக்கிறார். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் மிஸஸ் ஓவராலாக நடிக்கவே இல்லை. போ பியூமான்ட் என்கிற ஒரு நடிகையாக நடிக்கிறார். அந்த போ பியூமான்ட்தான் மிஸஸ் ஓவராலாக நடிக்கிறார்.

இது உனக்கு முக்கியம் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 1987இல் வந்த சிறப்பு நிகழ்ச்சியில், ‘ஏகார்ன் ஆன்டீக்ஸ்’ எப்படித் தயாராகிறது என்று ஒரு போலி ஆவணப்படம் போட்டார்கள். தயாரிப்பாளராக வருகிறவர் மேகி ஸ்டீட். கண்ணெதிரே எல்லாம் கோணல்மாணலாகப் போகிறது, அவரோ மறுபடி எடுக்கத் தேவையில்லை, வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்கிறார். செட்டுக்குப் பின்னால் போ பியூமான்டைப் பார்க்கிறோம். திரையில் குனிந்து கும்பிட்டு டீ கொடுக்கிறவர், வெளியே பெரிய நட்சத்திரத் தோரணை. நமக்கு அப்போதுதான் புரிகிறது, இத்தனை நாள் நாம் பார்த்தது அந்த நட்சத்திரத்தின் கவலையை. பார், கிழவி இரண்டு அடுக்கு. உள்ளே ஒருத்தி வாய்ப்புக்காகப் பயப்படுகிறாள், வெளியே ஒருத்தி டீ கொடுக்கிறாள். 2009 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒன்றில் இந்த போ பியூமான்டை மட்டும் தனியாக எடுத்து, மவுசு போன பின் வாய்ப்புத் தேடி அலைவதாக ஒரு பகுதி செய்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அந்தப் பாத்திரத்தில் சரக்கு மிச்சமிருந்தது.

உன் மாமியாருக்கும் ஓர் உள்ளாள் வேண்டும். அந்த நடிகை யார்? முன்பு சினிமாவில் தங்கையாக வந்தவளா? கண்ணீர் வராததால் கிளிசரின் கேட்டுச் சண்டை போடுகிறவளா? மருமகளாக நடிக்கிற சின்னப்பெண்ணுக்குக் கூடுதல் குளோசப் கிடைக்கிறதே என்று வயிறு எரிகிறவளா? இதில் எதையும் நீ திரையில் சொல்ல வேண்டாம். உனக்கும் உன் தோழிக்கும் தெரிந்திருந்தால் போதும், அவள் வளையலைத் தள்ளுகிற விதமே மாறிவிடும்.

பேச்சு மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விக்டோரியா வுட்டின் சிரிப்பில் பாதி பெயர்ச்சொற்களில் இருக்கிறது. ‘ஏதோ பலகாரம்’ என்று எழுத மாட்டார், மேக்கரூன் என்பார். மிஸஸ் ஓவரால் எந்த இடி விழுந்தாலும் வீட்டில் செய்த மேக்கரூனை நீட்டுவார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தூத்துக்குடிக்காரி நான் துள்ளிக் குதித்தேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடித்து, கோபுரம் மாதிரி நிற்குமே நம் மக்ரூன், அதுதான் வருகிறதென்று நினைத்தேன். மறுநாள் பாட்டி ஒன்று வாங்கிக் காட்டினார். தட்டையாக, தேங்காய்த் துருவலோடு, அடியில் தின்னக்கூடிய ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டு. எனக்கு ஒரே ஏமாற்றம். ஆனால் அது அவர்கள் வாழ்க்கையின் மேக்கரூன். பாட்டியின் அலமாரியில் இருந்த அதே தகர டப்பா, அதே கிண்ணம். அதனால்தான் அவர் அப்படிச் சிரித்தார். உன் கதையில் மாமியார் ‘டிபன்’ கேட்கிறாள். என்ன டிபன்? ரவா உப்புமாவா, ஆறிப்போன ரவா உப்புமாவா? ‘கம்பெனிப் பத்திரம்’ என்கிறார் மாமனார். என்ன கம்பெனி? எல்லா சீரியலிலும் ஒரு கம்பெனி இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன் கம்பெனி கொசுவலை செய்யட்டும். கோடிக்கணக்கான சொத்து, பரம்பரைப் பகை, விஷம் வைப்பு, எல்லாம் கொசுவலைக்காக.

பாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லையே. எனக்குக் கொஞ்ச நாள் ஒரு விஷயம் பிடிபடவில்லை. சாயங்காலம் ‘கிராஸ்ரோட்ஸ்’ ஆரம்பித்தால் கதவைத் தட்டினாலும் திறக்காதவர், அதே சீரியலைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற நிகழ்ச்சியைப் பார்த்து எப்படி இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்? அதுவும் கிண்டலில் வருகிறவள் தன்னைப் போலவே மேலங்கி போட்ட ஒரு வேலைக்காரி. கோபம் வர வேண்டாமா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். தட்டு ஏந்துகிற கையைப் பார்த்தாயா என்றார். ரொம்ப நேரம் தட்டோடு நின்ற கை அப்படித்தான் இருக்கும், கட்டைவிரல் மேலே ஏறிவிடும், அந்தப் பொண்ணு யாரையோ பார்த்திருக்கிறாள் என்றார்.

விக்டோரியா வுட் நிகழ்ச்சியின் முதல் வரிசை 1985 பிப்ரவரி நடுவில் முடிந்தது. ஏப்ரல் 14 அன்று நோயெல் கோர்டன் இறந்துபோனார். ‘கிராஸ்ரோட்ஸி’ன் மெக் அவர்தான். பதினேழு வருஷம் அந்த மோட்டலைச் சுமந்தவரை 1981இல் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மோட்டல் தீப்பிடித்து எரிந்தது, மெக் செத்தாளா பிழைத்தாளா என்று நாட்டையே தவிக்கவைத்து, பிறகு கப்பலில் ஏறிக் கையசைத்துப் போவதாகக் காட்டினார்கள். அந்தக் கையசைப்பைப் பாட்டி எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். இறந்த செய்தி வந்த அன்று நான் போனபோது டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது, எழுந்து போய் நிறுத்தவில்லை. நான்தான் டீ போட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் மிஸஸ் ஓவராலைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்த அதே பாட்டி.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் சிரித்தது வெறுத்ததால் இல்லை. இருபது வருஷம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தவருக்குத்தான் அந்த வீட்டில் எந்தப் படி தடுக்கும் என்று தெரியும். விக்டோரியா வுட்டும் அப்படிப் பார்த்தவர்தான். ‘கிராஸ்ரோட்ஸ்’, ரேடியோவில் ஓடிய ‘வேகனர்ஸ் வாக்’ இரண்டும் அவர் மனதில் இருந்தன என்பார்கள். எட்ட நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் எழுதிய கிண்டல் எத்தனையோ வந்தது, ஒன்றும் நிற்கவில்லை. நீ பார்க்காத சீரியலை நீ கிண்டல் செய்திருக்கிறாய், குட்டி. எனக்குத் தெரியும். நிஜ சீரியலில் மூன்று முறை முகம் காட்டும்போது மூன்றும் ஒரே அளவில் வராது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கிட்டே வரும், மூன்றாவதில் மூக்குத்தி மட்டும். உன்னுடையதில் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. உன் பாட்டியோடு ஒரு மாதம் உட்கார்ந்து எட்டு மணி சீரியலைப் பார். கேலி செய்யாமல் பார். விளம்பர இடைவேளையில் அவர் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்.

நிஜத்தோடு போட்டி போடாதே என்றும் சொல்லிவைக்கிறேன். நிஜம் எப்போதும் ஒரு படி மேலே போய்விடும். 2001இல் ‘கிராஸ்ரோட்ஸை’ மறுபடி எடுத்தார்கள், 2003இல் நிறுத்தினார்கள். கடைசிப் பகுதியில், இதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கும் ஒரு பெண் கண்ட கனவு என்று முடித்துவிட்டார்கள். மிஸஸ் ஓவராலின் கதாசிரியருக்கே இந்தத் துணிச்சல் வந்திருக்குமா தெரியாது.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ‘ஏகார்ன் ஆன்டீக்ஸை’ 2005இல் லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரில் இசை நாடகமாகப் போட்டார்கள். ட்ரெவர் நன் இயக்கம், பழைய முகங்கள் எல்லாம் வந்தன. சீலியா இம்ரிக்கு அடுத்த வருஷம் ஒலிவியே விருதுகூடக் கிடைத்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரொம்ப இழுக்கிறது என்று பேச்சு. பிறகு ஊர் ஊராகக் கொண்டுபோனபோது விக்டோரியா வுட்டே இயக்கி, சுருக்கித் திருத்தினார். மேதையே ஆனாலும் நாலு நிமிஷ ஜோக்கை ஒரு முழு மாலைக்கு நீட்டினால் கஷ்டம்தான். உன் வீடியோ பதினொரு நிமிஷம். ஐந்தாக்கு.

விக்டோரியா வுட் 2016 ஏப்ரலில் காலமானார். அன்று மாமா ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து டிவிடியை எடுத்துப் போட்டார். முதல் வாரம் புரியாமல் உட்கார்ந்திருந்தவள் இப்போது வசனம் வருமுன்பே சிரித்துக்கொண்டிருந்தேன். பாட்டி இருந்திருந்தால் கட்டைவிரலைப் பார் என்றிருப்பார்.

லீவுக்கு வரும்போது அந்த டிவிடியைச் சேர்ந்து பார்ப்போம். வருகிற வழியில் கால் கிலோ மக்ரூன் வாங்கி வா, ஈரம் படாமல். அதற்கு முன் காபி கொண்டுவரும் காட்சியை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பு. வேலைக்காரம்மாவாக வருகிற பெண் நன்றாகச் செய்கிறாள், அவளை நீ வீணடித்திருக்கிறாய். கதவை நாலு விரற்கடை திறந்து வை, முந்தானை தெரியட்டும். மாமியார் பேசி முடிக்கிறவரை அவள் வெளியிலேயே நிற்கட்டும். டம்ளர் காலியாகவே இருக்கலாம், சீரியலில் என்றைக்கு அதில் காபி இருந்திருக்கிறது? ஆனால் வாங்கிக்கொள்கிற மாமியார் அதைச் சூடு ஆற்றி, ஊதி ஊதிக் குடிக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை